இரண்டு கார்பரேட்டரும் என் ஒரு காதும்

பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் ஒழுகினால் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். நான் மட்டும் வெட்கமில்லாமல் மூச்சை இழுத்துக்கொள்வேன். கொட்டாஞ்சேனையில், இப்போது அடுக்குமாடி நிற்கிற இடத்தில், அப்போதிருந்த எங்கள் தகரக் கொட்டகைக்குள் எப்போதும் அந்த வாசனைதான்.

அம்மா செத்த பிறகு வீட்டில் அப்பா, நான், ஒரு பழைய மொரிஸ் மைனர். மூவரில் அதிகம் கதைத்தது கார்தான். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க, மருதானையில் வாங்கிய இரட்டைக் கார்பரேட்டரை அப்பா அதில் பூட்டியிருந்தார். இரண்டும் ஒரே அளவாகக் காற்றை இழுக்க வேண்டும்; இழுக்கிற இரைச்சலைக் காதால் கேட்டுத்தான் திருத்த முடியும். துறைமுக வேலையின் இரைச்சலில் அவர் காது மந்தமாகிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ரப்பர் குழாயின் ஒரு முனையை அவர் கார்பரேட்டரின் வாயில் பிடிக்க, மறுமுனை, வாத்தியார் சொன்ன எதுவும் ஏறாத என் காதில் இருக்கும். கிழமை முழுக்கப் பேசாத மனிதர் அப்போதுதான் வாய் திறப்பார்.

"எது கூட இரையுது, பிள்ளை?"

ஒரு ஞாயிறு இரண்டும் ஒன்றாகவே சீறின.

"ரெண்டும் ஒரே மாதிரித்தான் அப்பா. வேலை முடிஞ்சுது."

சொன்ன பிறகுதான், இனி என்னிடம் கேட்க அவருக்கு என்ன இருக்கிறது என்று உறைத்தது.

அப்பா சிரிக்கவில்லை. கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, சரியாக நின்ற கார்பரேட்டர் ஸ்குரூவை மெதுவாகத் திருப்பிவிட்டார்.

"இப்ப?"

"இடது பக்கம் கத்துது."

"அப்ப வாற ஞாயிறும் பார்க்கத்தான் வேணும்," என்று பொனட்டை மூடினார்.