ராஜகுமாரின் ஏசி கருங்கலில் ஏன் சூடானது

ஆரல்வாய்மொழியில் கார் ஏசி வேலை பார்க்கும் ராஜகுமாருக்கு முப்பத்தைந்து வயதில்தான் ஒரு பெண் அமைந்து வந்தாள். அதையும் அவன் கெடுத்துக்கொள்ளப் பார்த்தான். காற்றாலைகளைச் சுற்றிவிடுகிற ஊர்க் காற்று சும்மா கிடைக்கும்போது ஃபேன் எதற்கு என்று, பட்டறைக்கு மேற்குச் சுவரே வைக்காமல் விட்ட புத்திசாலி அவன். வண்டியை மேற்கே பார்த்து நிறுத்தி, பானெட் பறந்துவிடாமல் கயிறு போட்டுக் கட்டித்தான் வேலை பார்ப்பான்.

பெண் அஜிதா. கருங்கலில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பகவதியப்பனின் மகள். மாப்பிள்ளை பார்க்கப் போகும்போது பெண்ணைக் கூட்டிப் போகிற வழக்கம் இல்லை. "கூட வாழப் போறது நான்தானே" என்று அவள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஏசி கொஞ்சம் மந்தம் என்று பகவதியப்பன் பேச்சுவாக்கில் சொல்ல, மாப்பிள்ளை சும்மா இருப்பானா? காபி ஆறுவதற்குள் காரைப் பட்டறையில் நிறுத்தி, கேஸ் அழுத்தம் காட்டும் இரட்டை மீட்டரை மாட்டிவிட்டான்.

"ஒண்ணு நீலம், ஒண்ணு செவப்பு. எதுக்கு?" என்று கேட்டாள் அஜிதா. இத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"நீலத்துல அழுத்தம் கொறஞ்சா உள்ள கேஸ் நல்லா குளுரும். அது வண்டிக்குள்ள இருக்க சூட்ட வாங்கிட்டு வந்து, முன்னால கண்டென்சர்ல வெளிய விடும். அந்தப் பக்கத்து அழுத்தந்தான் செவப்பு. நாம குளுர உண்டாக்கல்ல. சூட்ட எடம் மாத்துகோம், அவ்வளவுதான்."

அவள் தலையாட்டிக் கேட்டாள். இவள் கிடைக்காவிட்டால் இனி யாருமே வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

அந்த மிதப்பில் குனிந்து பார்த்தால் சிவப்பு முள் இறங்கிக் கிடந்தது. கேஸ் குறைவு என்று முடிவுகட்டி, முள் ஏறும்வரை ஏற்றினான். கார் ஜில்லென்று குளிர்ந்தது. பகவதியப்பன் சால்வை கேட்காத குறை.

கருங்கல் நெரிசலில் கார் நின்றதும் ஏசி அனலாக ஊதியது. பின்சீட்டில் இருந்த அஜிதாவின் அத்தை முத்துக்கனிக்குத் தலைசுற்றல். திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆரல்வாய்மொழியில் ஜில். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஏற்றி அனுப்பினான் மடையன். கருங்கலில் மறுபடியும் அனல்.

பகவதியப்பன் போனில் பிடித்தார். "ஒரு காரக் குளுர வைக்கத் தெரியாதவனுக்குப் பெண்ணக் குடுத்தேன்னு நாலு பேரு சிரிக்கணுமா? ஞாயித்துக்கிழம வாறேன். இந்தத் தடவயும் சரியாகல்லன்னா வேற எடம் பாத்துக்கிடுவேன், கேட்டியா."

ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் மொத்தமும் வேன் பிடித்து வந்து இறங்கியது. நம் ஊரில் பானெட்டைத் திறந்தால் போதும், வழியில் போகிறவன்கூட வந்து எட்டிப் பார்ப்பான். சம்பந்தி வீட்டாரைக் கேட்க வேண்டுமா? காருக்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டி நின்றுவிட்டார்கள்.

சிவப்பு முள் ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போய், கம்ப்ரசர் டக்கென்று நின்றது. "கொஞ்சம் மாறி நில்லுங்க" என்றான் பதறிப்போய். மாறினார்கள். காற்று பாய்ந்தது, முள் இறங்கியது, கம்ப்ரசர் ஓடியது.

ராஜகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது. சவம், இத்தனை நாளும் கண்டென்சரை ஆற்றிக்கொண்டிருந்தது காற்றல்லவா. அதனால் இறங்கிய முள்ளைக் கேஸ் குறைவு என்று நம்பி, வந்த வண்டிக்கெல்லாம் வயிறு முட்ட ஏற்றி அனுப்பியிருக்கிறான். காற்றில்லாத நெரிசலில் அழுத்தம் எகிறினால் கம்ப்ரசர் நிற்காமல் என்ன செய்யும்?

எல்லார் முன்னாலும் அதைச் சொன்னான்.

"அப்போ இம்புட்டு நாளா இங்க ரிப்பேர் பண்ணினது காத்தா?" என்றார் பகவதியப்பன்.

"ஆமா மாமா. எல்லாரும் மறுபடி முன்னால வந்து காத்த அடைச்சு நில்லுங்க. அத்த, நீங்க நடுவுல."

பட்டுச்சேலையும் வேட்டியும் படபடக்க, வாயில் மண் விழ, சம்பந்தி வீடு முழுதும் வரிசையாக நின்றது. "மரியாதைக்கு வந்த எங்கள வேலியா நட்டுட்டானே" என்றாள் முத்துக்கனி. ஆனாலும் நகரவில்லை. கூடுதல் கேஸை அவன் சிலிண்டருக்குள் திருப்பி இழுத்து, முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்தினான்.

கருங்கலுக்கு அவனே காரை ஓட்டிப் போனான். பக்கத்தில் பகவதியப்பன், பின்னால் அஜிதாவும் முத்துக்கனியும். முன்னால் பஸ், பின்னால் லாரி, வண்டி அசையவில்லை. ஏசி குளிர்ந்துகொண்டே இருந்தது. பகவதியப்பன் ஏசி காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"மத்த வண்டிக்காரங்களயும் கூப்பிட்டுச் சொல்லணும் மாமா. எல்லாத்துக்கும் நான் கூட்டித்தான் போட்டிருக்கேன்" என்றான் ராஜகுமார்.

"வெளிய சொன்னா ஒன் கட நிக்குமாடே?"

"சொல்லாம எப்படி மாமா?"

பகவதியப்பன் வெளியே பார்த்துக்கொண்டு, "நான் யோசிச்சுச் சொல்லுகேன்" என்றார். யோசிக்கிறேன் என்றால் இல்லை என்று அர்த்தம். அப்படி எத்தனையோ வீடுகள் யோசித்தது ராஜகுமாருக்குத் தெரியும்.

பின்கதவு திறந்தது. அஜிதா இறங்கினாள்.

"எங்கட்டி போற?"

"நிச்சயத்துக்குச் சேல எடுக்க. நீங்க நல்லா யோசிச்சிட்டு மெதுவா வாங்கப்பா."

"ஏட்டி நில்லு, நானும் வாறேன்" என்று முத்துக்கனியும் இறங்கி அவள் பின்னால் ஓடினாள்.

முன்னால் பஸ் நகர்ந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ராஜகுமாருக்குக் கண் நிறைந்து ரோடு தெரியவில்லை.