சந்தனத் தட்டும் தண்ணீர் மோட்டாரும்

பிள்ளைகளே, நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், ஆட்டோ ஓட்டுகிறேன். இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

போன வருடம் காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருநாள் முகாம். 'பெண்களே, பொறியாளர் ஆகுங்கள்' என்று பேனர். தண்ணீர் மோட்டாரைக் கழற்றி மாட்டத் தருவார்களாம். பத்தாவது படிக்கும் என் மகளுக்கு ஒரு வாரமாக அதே பேச்சு. பெண்கள் மட்டும் பட்டுப் பாவாடையில் வரவேண்டும் என்றார்கள். அப்போதே எனக்கு உறுத்தியது.

காலையில் அவளை இறக்கிவிட்டு, மத்தியானம் போய்ப் பார்த்தால், அரங்க வாசலில் சந்தனத் தட்டோடு என் மகள். பக்கத்தில் பன்னீர்ச் சொம்போடு அவள் தோழி. உள்ளே மோட்டாரைச் சுற்றிப் பையன்கள்.

"ஏம்மா இங்க நிக்கிற?"

"சீஃப் கெஸ்ட் இன்னும் வரலப்பா. காலைலேர்ந்து நின்னுக்கினு இருக்கோம்."

விரிவுரையாளர் ஒருவர் ஓடிவந்தார். "ஆட்டோ, நகருப்பா. கெஸ்ட் வர்ற நேரம்."

"இவங்க எப்ப சார் மோட்டாரத் தொடுவாங்க?"

"பசங்க செய்றதப் பாத்தா போதாதா? பொண்ணுங்க வாசல்ல நின்னாத்தான் லட்சணமா இருக்குது."

"லட்சணத்துக்கா சார் சவாரிய விட்டுட்டுக் கூட்டியாந்தேன்?"

"அப்ப தட்ட யாரு புடிப்பா? நீ புடிப்பியா?"

நக்கலாகத்தான் கேட்டார். நான் தட்டை வாங்கிக்கொண்டேன், சொம்பையும் வாங்கினேன். "உள்ள போங்கம்மா."

காக்கிச் சட்டையோடு சிறப்பு விருந்தினரை வரவேற்றேன். இருந்த ஆத்திரத்தில் பன்னீர் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் பொண்ணு இனிமே இந்தக் காலேஜுக்குள்ள எப்படி வர்றான்னு பாக்கிறேன்," என்று விரிவுரையாளர் பல்லைக் கடித்தார்.

"பாருங்க சார். வருவா."

உள்ளே ஒரு பையன், "ஏய், பாவாட மாட்டிக்கும், தள்ளிப் போ," என்றான்.

"நீ தள்ளு. காலைலேர்ந்து நீதான கழட்டிக்கினு இருக்க," என்று என் மகள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்பானரைப் பிடுங்கினாள். கல்லூரிக்காரர் யாரும் அதை அவளுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

மேடையில் விருந்தினர், பெண்கள் முன்வர வேண்டும் என்று முழங்கினார். கைதட்டினார்கள். பிறகு விரிவுரையாளர் மைக்கைப் பிடித்தார்: "வரவேற்பு மாணவிகள் மேடைக்கு வாங்க. பொன்னாடையை எடுத்துக் குடுக்கணும்."

"இருங்க சார், இன்னும் மூடி மாட்டல," என்றாள் என் மகள், தலையைத் தூக்காமலே.