ரெஹ்ராஸ் முடியும் இடம்

ரூ பிலிப்-து-ஜிரார் என்கிற பிரெஞ்சுத் தெருவில், ஓர் அறையில் என்னோடு இரண்டு சீக்கியர்கள் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் மச்சான் முறை. மூவருக்கும் ஒரே உணவகக் குசினியில் வேலை, திங்கட்கிழமை லீவு. அன்று பொழுதுபட இருவரும் சேர்ந்திருந்து ரெஹ்ராஸ் என்கிற மாலைச் செபத்தைச் சொல்லுவார்கள்.

தொடக்கத்தில் ஒற்றுமைதான். முடிப்பதில்தான் வில்லங்கம். மூத்தவர் பழைய மடமொன்றில் படித்தவர், அந்த மடத்துச் செபம் நீளமானது. இளையவர் தன்னுடைய அச்சுப் புத்தகத்தில் உள்ளதோடு நிறுத்திவிட்டு, வேண்டுதலுக்காக எழுந்து நின்றுவிடுவார். மற்றவர் இருந்தபடியே மேலே சொல்லிக்கொண்டு போவார். பிறகென்ன, வாய்ச்சண்டை. விலக்குப் பிடிக்கப் போய் என் பருப்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

2009இல் வன்னியில் தம்பி காணாமற் போனான். கடைசியாகக் கண்டோம் என்றவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அம்மா வவுனியாவிலிருந்து அழைக்கும்போதெல்லாம் ஒரே பேச்சு.

“எந்தச் சாமியெண்டாலும் பரவாயில்லை ராசா. உன்னோடை இருக்கிற ஆக்களிட்டையும் சொல்லிக் கும்பிடச் சொல்லு.”

சொன்னேன். கட்டாயம் வேண்டுதலில் அவன் பெயரைச் சேர்க்கிறோம் என்றார்கள். ஆனால் செபம் முழுதாக முடிந்தால்தானே வேண்டுதல்? எது முழுச் செபம் என்பதிலேயே அவர்கள் திங்கள் திங்களாக நின்றார்கள். கோபத்தில் ஒருவர் எழுந்து போய்விட, தம்பியின் பெயர் அப்படியே கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சண்டை பிடிச்சுக்கொண்டு கும்பிட்டால் சாமி காது குடுக்குமே?” என்றார் அம்மா.

இதற்கிடையில் இளையவரின் தகப்பன் பஞ்சாபில் இறந்துபோனார். வேண்டுதலில் உயிரோடு இருப்பவர்களுக்கு அவர்கள் கேட்பது தளராத மனமும் நலமும். போனவர்களுக்குக் கேட்பது கடவுளின் காலடியில் ஓர் இடம். அழுதுகொண்டே அவர் கேட்டபோதுதான் அந்தச் சொற்கள் எனக்குப் பழகின.

ஒரு திங்கள் நான் கத்தியே விட்டேன். உங்கள் சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள், என் தம்பியை ஏன் வாசலில் நிறுத்தி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். இளையவர் புத்தகத்தை மூடிவிட்டு, மூத்தவரின் நீளச் செபத்துக்குக் கடைசிவரை பொறுமையாக இருந்தார். பிறகு சேர்ந்தே எழுந்தார்கள். நானும் கைகூப்பி நின்றேன்.

தம்பியின் பெயர் வந்தது. அதற்குப் பின்னால், கடவுளின் காலடியில் இடம் வேண்டும் என்று வந்தது. மூத்தவர் சொல்ல, இளையவர் தலையைக் குனிந்து தானும் சொன்னார். அதில் மட்டும் இருவருக்கும் பிணக்கு இல்லை. மூத்தவரின் அண்ணனையும் ஒரு காலத்தில் பஞ்சாபில் பொலிஸ்காரர் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்களாம், திரும்பி வரவேயில்லை. அவர் என் தோளில் கை வைத்தார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

அடுத்த நாள் அம்மா அழைத்தார்.

“கேட்டவையோ?”

“ஓம் அம்மா, கேட்டவை.”

“ரெண்டு பேரும் சேர்ந்தோ?”

“ஓம், சேர்ந்துதான்.”

“அப்ப பலிக்கும் ராசா” என்றார் அம்மா.