தங்கை பேரில் எழுதிய வீடு

அப்பாவின் கருமாதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கு, மகள் எழுதுவது. பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். முதலில் படித்தால் சிலருக்குச் சோறு இறங்காது.

அப்பா சேவூருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தார். கிணறு வற்றியதும் திருப்பூருக்கு வந்து, கட்டிங் மாஸ்டராக வேலை பார்த்து, பிறகு சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்தார். அம்மாவின் நகைகள் போய் ஒரு வீடு வந்தது. கோபம் வந்தால் தெருவே கேட்கும்படி கத்துவார். ஆனால் ஒருத்தர் கூலியையும் சனிக்கிழமை தாண்ட விட்டதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரே இடம் வாங்கப் பைத்தியமாய் அலைந்தது. அப்பா மட்டும் சும்மா இருப்பாரா? வட்டிக்கு வாங்கி அவிநாசிப் பக்கம் மானாவாரிக் காடுகளுக்கு அட்வான்ஸ் கொடுப்பார். கிரயம் ஆவதற்குள் கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிடுவார். சில வருஷம் நன்றாகவே ஓடியது. ஆனாலும் உள்ளுக்குள் பயம்தான். விலை இறங்கினால் கடன்காரன் முதலில் கைவைப்பது வீட்டில்தானே? அதனால் வீட்டை வேறு பேருக்கு மாற்றத் துணிந்தார்.

வீட்டை ஒளித்துவைப்பதை விட இடம் வாங்குவதைக் குறையுங்கள் என்றார் ஆடிட்டர். அம்மா தன் பேரில் எழுதச் சொன்னார். பெண்டாட்டி பேரில் இருந்தால் மட்டும் கடன்காரன் விடுவானா என்று அப்பா அடக்கிவிட்டார். அவர் மனதில் இருந்தது அவருடைய தங்கை, எங்கள் அத்தை. அப்பா கல்யாணத்தில் தாலிக்கு முன்பே, கூடப்பிறந்தவளுக்கென்று உள்ள இணைச்சீருக்கு அண்ணன் பக்கத்தில் நின்றவர்.

"இணைச்சீருக்கு நின்ன பொறந்தவளுங்க. அவ கையில குடுத்தா சாமிகிட்டக் குடுத்த மாதிரி" என்று ஆடிட்டரிடம் சொல்லிவிட்டு எழுதிக்கொடுத்தார். கடன்காரர்கள் நம்ப வேண்டுமே என்று அத்தை குடும்பத்தையே அங்கே குடிவைத்தார். நாங்கள் வாடகை வீட்டுக்குப் போனோம்.

பிறகு வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றன. இடம் கேட்க ஒரு நாயும் வரவில்லை. திவால் என்று மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டுத் தப்பிக்கச் சொன்னவர்கள் இந்தப் பந்தியிலும் இருக்கிறீர்கள். அப்பா கேட்கவில்லை. கம்பெனியையும் நிலங்களையும் வந்த விலைக்கு விற்று எல்லோருக்கும் கொடுத்து முடித்தார். அந்த வீடு இருக்கிறது என்ற ஒரே தைரியம்தான்.

வெற்றிலை பாக்கு, பழத்தோடு நாங்கள் மூவரும் வீட்டைக் கேட்கப் போனோம். அத்தை காப்பி கொடுத்தார்.

"ஏனுங்கண்ணா, எம்பட பேர்ல இருக்கற ஊட்ட எதுக்குங்க கேக்கறீங்க?"

குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா காப்பியைக் கடைசி வரை குடித்துவிட்டு எழுந்தார். அதன்பின் யார் மேலும் அவர் கத்தவே இல்லை. அடுத்த தைக்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

வாடகை வீட்டுக்காரர், உடலை அங்கே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் விழித்துக்கொண்டு நின்றபோது அத்தை அழுதுகொண்டே வந்தார்.

"அண்ணன அவிங்க ஊட்டுக்கே கொண்டாங்க, கண்ணு."

அவருடைய வீடு! உயிரோடு கேட்டபோது வராத வார்த்தை. வேறு போக்கிடம் இல்லாததால் கொண்டுபோனோம். தான் கட்டிய கூடத்தில் அப்பா கிடந்தார். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து, பொறந்தவ என்றால் இப்படி இருக்கணும் என்று மெச்சினீர்கள்.

மதியம் எடுத்தார்கள். தலைமாட்டு விளக்கு கருமாதி வரை அங்கேயே எரிய வேண்டும் என்பது நம் வழக்கம். அம்மா அதற்கு எண்ணெய் விடக் குனிந்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளக்க உங்க ஊட்டுல கொண்டுபோயி வெச்சுக்குங்க" என்றார்.

விளக்கை மடியில் வைத்து, முந்தானையால் காற்றை மறைத்தபடி அம்மா ஆட்டோவில் வந்தார். உடலுக்கு இடம் தராத வீட்டுக்காரர், விளக்கு என்றதும் கேட்டைத் திறந்துவிட்டார்.

அவருக்கும், ஆஸ்பத்திரியில் கூட நின்ற, அப்பா கம்பெனியின் பழைய டெய்லர்களுக்கும் எங்கள் நன்றி. அத்தைக்கும் நன்றி, அப்பாவை அவருடைய வீட்டில் அரை நாள் இருக்கவிட்டதற்கு.