வங்குரோத்துக் கடையின் கவுண்டரில் நின்றவன்

விற்பனையாளன் வேலை என்பது நின்றுகொண்டே கனவு காணுகிற வேலை. எழுபதுகளின் கடைசியில், கல்முனைப் பிரதான வீதியில் இருந்த ஒரு கொழும்புக் கம்பனியின் கிளையில் நான் அதைத் தொடங்கினேன். ரேடியோ, ஃபேன், தையல் மெசின், சுவர்க் கடிகாரம் விற்றோம். மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு வீதி வெறிச்சோடும். கடல்காற்று கதவுச் சீலையை ஊதும். சுவரில் உள்ள கடிகாரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும். நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன். அப்படி ஒரு தூக்கத்தில் இருந்தபோதுதான் கம்பனி கடனடைக்க முடியாமல் வங்குரோத்தானது. பூட்டிய கதவுக்கு முன்னால் ரசீதோடு நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். கதவுக்கு உள்ளே நின்றவன் நான்.

வெறும் பெட்டி

முதலில் கொழும்பு லொறி வாராவாரம் வருவது நின்றது. பிறகு மாதத்துக்கு ஒரு தடவை வந்தது. பிறகு வரவேயில்லை. தட்டுகள் காலியாகத் தெரியக் கூடாது என்று மெனேஜர் சொன்னதால், விற்ற சாமான்களின் பெட்டிகளை நாங்கள் திரும்ப அடுக்கினோம். தூரத்தில் நின்று பார்த்தால் கடை முன்னைவிட நிறைந்திருந்தது. பின்னேர வெயில் அந்தப் பெட்டிகளில் விழும்போது எனக்கே அவை நிரம்பியிருப்பதாகத் தோன்றும்.

அறுவடை முடிந்த கையோடு சம்மாந்துறையிலிருந்து நிறைய வயல் உள்ள ஒரு போடியார் ஃபேன் வாங்க வந்தார். மகள் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாளாம், அறை சரியான புழுக்கமாம். நான் எட்டுவதற்குள் அவரே மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கினார். அது சுண்டுவிரலில் வந்தது. அவர் கோபப்படவில்லை. பெட்டியைக் காதருகே பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நான் ஃபேன் கேட்டன். நீங்க காத்த மட்டும் கட்டி வெச்சிரிக்கிங்க."

செல்லாத கூப்பன்

கம்பனி காசுக்கு விற்றிருந்த பரிசுக் கூப்பன்களை இனி எடுக்க வேண்டாம் என்று ஒரு திங்கட்கிழமை கொழும்பிலிருந்து தந்தி வந்தது. அடுத்த நாள் பாண்டிருப்பு டீச்சர் ஒருவர் கூப்பனோடு வந்தார். இடமாற்றம் கிடைத்துப் போனபோது வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து கொடுத்தது. செலவழிக்க மனம் வராமல் இரண்டு வருடம் புத்தகத்துக்குள் வைத்திருந்திருக்கிறார். இப்போது ஒரு கடிகாரம் எடுக்க ஆசையாம்.

தந்திக்கு முன் வந்திருந்தால் கொடுத்திருப்போம். கூப்பன் இனிச் செல்லாதென்று மெனேஜர்தான் சொன்னார். டீச்சர் சுவர்க் கடிகாரங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கூப்பனைத் திருப்பிக் கேட்டார். அதன் பின்பக்கத்தில் பிள்ளைகள் பென்சிலால் தங்கள் பெயர்களை எழுதியிருந்தார்கள். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "சந்தோசமா வெச்சிருந்திட்டன், அதுதான் பிழையாப் போச்சு."

ஒட்டுக்கு மேல் ஒட்டு

கடையை மூட ஆள் அனுப்பினார்கள். வந்தவர்கள் முதல் வேலையாக மிஞ்சிய சாமான்களில் புதிய விலை ஒட்டுகளை ஒட்டி, அதற்குப் பிறகு வாசலில் 'பாதி விலை' என்று துணி கட்டினார்கள். பெருநாளைப் போலச் சனம் வந்தது. ஒரு பெண் மட்டும் இஸ்திரிக்கைப் பெட்டியை மடியில் வைத்து, மேல் ஒட்டை நகத்தால் பொறுமையாக உரித்து, அடியில் இருந்ததைப் படித்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டார்: "இஞ்ச பாருங்க, போன மாசம் நாம வேணாமெண்டு வெச்சிட்டுப் போன விலைதான் இது."

பால்பல்

எங்கள் எல்லோருக்கும் அக்கா போன்ற மருதமுனை சுபைதா ராத்தா தையலில்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். நோன்பு மாதத்துக்குச் சற்று முன் அவருடைய மெசினைத் திருத்த எங்களிடம் விட்டிருந்தார். திருத்தி முடித்துப் பின்னறையில் வைத்திருந்தோம். அதற்குள் கொழும்பு அதிகாரி வந்து, கடைக்குள் இருந்த எல்லாவற்றையும் கம்பனிச் சொத்தென்று எழுதிச் சீல் வைத்துவிட்டார். ராத்தா ஓடி வந்தார். பெருநாள் உடுப்புக்கு ஊரார் கொடுத்த துணிகள் வெட்டியபடி வீட்டில் கிடந்தன. நாங்கள் கொடுத்த ரசீதுத் துண்டையும் அவர் தொலைத்திருந்தார்.

மெசின் அவருடையதென்று நான் சொன்னேன். கடைப் பையன்கள் சொல்வதை எடுக்க முடியாது, துண்டு வேண்டும் என்றார் அதிகாரி. கெட்டவரல்ல, களைத்த மனிதர். ராத்தா அழவில்லை. மெசின் இழுப்பறையில் பச்சை நூல்கட்டை ஒன்றும், பஞ்சில் சுற்றிய மகளின் பால்பல்லும் இருக்கும், திறந்து பாருங்கள் என்றார். திறந்தோம். இரண்டும் இருந்தன. அப்போதும் அதிகாரி, பட்டியலில் ஏறிவிட்டதே என்று தயங்கினார். ஆனாலும் அன்று பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அந்த மெசின் மருதமுனைக்குப் போகும் மாட்டு வண்டியில் ஏறியது. அதிகாரியின் மனம் மாற ராத்தா கேட்டது ஒரு கேள்விதான்: "அப்ப அந்தப் பல்லும் ஒங்கட கம்பனிட பல்லா, சேர்?"

கடலில் கதைக்கிற ரேடியோ

கடை மூடி ஒரு வருடம் இருக்கும். அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் ஒலுவில் மீன்பிடிகாரர் ஒருவர் என்னைக் கண்டுபிடித்தார். நான் விற்ற ரேடியோவின் உத்தரவாதச் சீட்டு இன்னும் அவர் சட்டைப்பையில் இருந்தது. அந்தச் சீட்டுக்கு இனிப் பதில் சொல்ல யாருமில்லை என்றேன்.

அவர் சிரித்தார். ரேடியோ கரையில் வாய் திறப்பதில்லையாம். தோணியில் கொண்டுபோனால், விடியற்காலையில் எங்கோ ஒரு வெளிநாட்டுப் பாட்டு தெளிவாகக் கேட்குமாம், பாஷை தெரியாதாம், வலையை மறந்து கேட்டுக்கொண்டிருப்பாராம். திருத்த வேண்டாமென்று சொல்லத்தான் என்னைத் தேடினாராம். பஸ் வந்தது. ஏறும்போது குரலைத் தணித்துக்கொண்டார்: "கம்பனி மூடினது அதுக்கு இன்னும் தெரியா தம்பி, நீங்க சொல்லிராதீங்க."

இத்தனை வருடம் கவுண்டரில் நின்றவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: கடை மூடப்போகிறதா என்று எங்களிடம் கேட்காதீர்கள், நீங்கள் கேட்கும்போதுதான் எங்களுக்கும் அது தெரியவரும்.