கோமதியைக் கட்சி மாற்றக் கிளம்பினேன்

பீங்கான் ஜாடி செய்யும் ஷெட்டில் இரண்டு கைக்கும் ஓயாமல் வேலை இருக்கும், வாய் மட்டும் சும்மா கிடக்கும்; அதனால் தேர்தல் வந்துவிட்டால் விருத்தாசலத்தில் எங்கள் ஷெட்டைவிடப் பெரிய பொதுக்கூட்டம் கிடையாது. கூட வேலை செய்கிறவரிடமோ கூடப் பிறந்தவரிடமோ கட்சி பேசி மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள். கட்சிப் பெயர் எதையும் எழுத மாட்டேன். நாளைக்கு யாராவது வந்து கதவைத் தட்டினால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

காது மட்டும் கொடுத்தாள்

பெரிய ஜாடி அச்சு இரண்டு ஆள் வேலை. அச்சுக்குள் மண்கூழை ஊற்றி அரைமணி நேரம் விட்டால் சுவரோரம் தோல் போல மண் பிடிக்கும். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மிச்சக் கூழை மெதுவாகச் சாய்த்து ஊற்ற வேண்டும். ஒரு கை முந்தினாலும் போச்சு, தோல் கழன்று விழுந்துவிடும். பதினான்கு வருஷமாக எனக்கு ஜோடி கோமதி. "சாய்" என்று அவள் குரல் கொடுப்பாள், இரண்டு பேரும் சாய்ப்போம். எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற எங்களுக்குக் கட்சியில் மட்டும் ஒத்துப்போகாது.

போன தேர்தலை அறிவித்ததும் எனக்கு ஒரு வெறி பிடித்தது. இவள் ஒருத்தியை நம் பக்கம் இழுத்துவிட்டால் ஊரையே ஜெயித்த மாதிரி! மகளின் போனில் வந்ததையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எங்கள் ஆட்கள் போட்ட ரோடு, அவள் ஆட்கள் போடாத ரோடு என்று ஐந்து நாள் மூச்சு விடாமல் பேசினேன். அவளும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஆறாம் நாள் தொண்டை கட்டிப்போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கோமதி என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஏன்க்கா நிறுத்திட்ட? நீ பேசிக்கினு இருந்தாதான் எனக்கு நேரம் போவுது."

டீ நேரத்தில் ஒரு கேள்வி

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நயமாகச் சொன்னால் ஏறாது, நாலு பேர் முன்னால் கேட்டால்தான் உறைக்கும் என்று முடிவு கட்டினேன். மறுநாள் டீ நேரம். பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறோம். "ஏண்டி கோமதி, போன தடவ அவங்க குடுத்த சேலைக்குத்தானே ஓட்டுப் போட்ட?" என்று சத்தமாகக் கேட்டேன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் குதூகலம். அடித்துவிட்டேன் ஆட்டத்தை!

கோமதி சிரிக்கவில்லை. பாதி டீயோடு தம்ளரைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கலங்கவில்லை. "அக்கா, நேத்து வரைக்கும் எங்க ஆளுங்க மேல எனக்கே பாதி சந்தேகம் இருந்துச்சு. இப்ப சுத்தமா இல்ல."

குரல் இல்லாத அச்சு

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். பேச்சு இல்லை என்றால் "சாய்" என்ற குரலும் இல்லை. நான் அவள் கையைப் பார்ப்பேன், அவள் சுவரைப் பார்ப்பாள். நான் தூக்கும்போது அவள் தூக்கமாட்டாள், அவள் சாய்க்கும்போது நான் தயாராக இருக்கமாட்டேன். நானே "சாய்" என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டுமென்றே ஒரு மூச்சு தள்ளிச் சாய்த்தாள். இரண்டு நாளில் ஏழு ஜாடி தோல் கழன்று கூழாகப் போனது.

அதைவிடப் பெரிய இடி ஒன்று விழுந்தது. கோமதி மேஸ்திரியிடம் போய், தன்னை வர்ணம் பூசும் பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் போய்விட்டால் நான் யாரோடு அச்சுப் பிடிப்பது, யாரிடம் என் கவலையெல்லாம் கொட்டுவது? மேஸ்திரி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, தேர்தல் முடியட்டும், பிறகு மாற்றுகிறேன் என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "யாருக்கு வேணா ஓட்டுப் போடுங்கம்மா, 'சாய்'னு ஒரு சத்தத்த மட்டும் பொதுவுல போடுங்க."

காதர் பாய் கேட்டது

வேப்பூர் ரோட்டோரம் கடை வைத்திருக்கும் காதர் பாய் மாசம் ஒரு தடவை ஜாடி எடுக்க வருவார். என் முகம் தொங்கிக் கிடப்பதைப் பார்த்து விசாரித்தார். நடந்ததைச் சொல்லி, நான் கேட்டதில் என்ன தப்பு என்று நியாயம் கேட்டேன். எங்கள் கட்சியின் பெருமையையும் கூடவே சேர்த்து அவரிடம் அவிழ்த்துவிட்டேன். பழக்கதோஷம்!

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க ஆளுங்க செஞ்ச தப்பு ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா, ரெண்டு ஜாடி கூட எடுத்துக்கறேன்" என்றார். சுற்றி ஆட்கள் நின்றார்கள். எனக்கு ஒன்றில்லை, ஒன்பது தெரியும். ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது நாக்கு புரளுமா? முகம் சுட்டது. அந்த நேரத்தில் எங்கள் தலைவர்மேல் என்றுமில்லாத பாசம் பொங்கியது. அப்போதுதான், கோமதிக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நெஞ்சில் குத்தியது. காதர் பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நீ யோசிச்சினு இருந்தா, ஊத்தின ஜாடி காஞ்சி சூளைக்கே போயிடும்."

மூடி இல்லாத குடம்

தனியாகப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்துப் பேர் முன்னால் கேவலப்படுத்திவிட்டு ஒரு ஆள் முன்னால் மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகுமா? அதே டீ நேரத்தில் எழுந்து நின்றேன். "கோமதி, நான் கேட்டது தப்பு. அதே தடவ எங்க ஆளுங்ககிட்ட நானும் ஒரு குடம் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஷெட்டே அமளியானது! எனக்கு வேட்டி, எனக்கு ஹாட்பாக்ஸ் என்று ஒவ்வொருத்தியாக எழுந்து ஒப்புக்கொண்டாள். இரண்டு பக்கமும் வாங்கினவளும் இருந்தாள். நான் தலை குனிந்து நின்றேன். கோமதி என் பக்கத்தில் வந்து, "எவர்சில்வரா?" என்றாள். ஆமாம் என்றேன். "மூடி குடுத்தாங்களா?" இல்லை என்றேன். பதினோரு நாளுக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது. "எங்க ஆளுங்க பிளவுஸ் பிட்டும் சேத்து குடுத்தாங்கக்கா!"

வெள்ளத்தில் வந்த ஆள்

அன்றைக்கு அச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பதினான்கு வருஷத்தில் கேட்காததைக் கேட்டேன். அந்தக் கட்சியை உனக்கு ஏன் பிடிக்கும்? மாற்றுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள் சொன்னது இது: நாங்கள் ஜோடி சேர்வதற்கு முன்னால், மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்த ஒரு வருஷம் அவளுக்குக் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். முன்பின் தெரியாத ஒருவர் நான்கு பேரைக் கூட்டி வந்து, கட்டிலோடு தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய் மேட்டில் சேர்த்திருக்கிறார். அவர் அந்தக் கட்சிக்காரர்.

ரோடு, பாலம் எல்லாம் வாயோடு நின்றுவிட்டது. நீ ஏன் உன் கட்சியில் இருக்கிறாய் என்று அவள் திருப்பிக் கேட்டாள். எங்கள் வீட்டில் எல்லோரும் அதற்குத்தான் போடுவார்கள் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோமதி சிரிக்கவில்லை, குத்தவும் இல்லை. மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தபோது அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "என்ன எங்கயும் மாத்த வேணாங்க, இந்தக்கா தனியா இருந்தா கவலப்பட்டே செத்துடும்."

பட்டன் முன்னால்

ஓட்டுப் போடும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்தே வரிசையில் நின்றோம். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள். நான் வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறவள். அன்றைக்கு விரலை நீட்டினேன், மடக்கினேன், பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை முழுசாகப் படித்தேன். பீப் சத்தம் கேட்டு வெளியே வருவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

வாசலில் கோமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒரு பட்டன் அமுக்க இவ்ளோ நேரமாக்கா? உள்ளயும் பிரசாரம் பண்ணிக்கினு இருந்தியா?"

ஆக, அந்தத் தேர்தலில் என் பிரசாரத்தால் மனசு ஆடிப்போன வாக்காளர் ஒரே ஒருத்திதான், அது நான்.