பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

குரொய்டனில் நான் வேலை செய்யும் அலுவலகத்தின் தேநீர் அறையில், கேத்தில் கொதித்து முடிவதற்குள் ஒரு மனிதரைச் சொர்க்கத்துக்கு அனுப்பி, கோப்பையில் பால் விடுவதற்குள் அவரையே நரகத்தில் தள்ளிவிடுகிற ஆள் ஒருவர் இருந்தார். பெயர் கிரெக். அமெரிக்காவில் ஒஹாயோவில் பிறந்து, இங்கிலாந்துப் பெண்ணைக் கட்டி, லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய பேச்சு முழுக்க பேஸ்போல். அதிலும் பேஸ்போலின் ஹோல் ஒஃப் ஃபேம், அதாவது புகழ் மண்டபம். எந்தக் காலத்து ஆட்டக்காரன் அதற்குள் போகத் தகுதியானவன், எவன் தகுதியில்லாதவன் என்பதுதான் அவருடைய காலை, மாலை வழிபாடு. முதல் தடவை கேட்டபோது, "அந்த ஹோலில் எத்தனை பேர் இருக்கலாம்? சாப்பாடு வெளியிலிருந்து கொண்டுபோக விடுவார்களா?" என்று நான் விசாரித்தேன். லண்டனில் ஹோல் என்றால் நமக்கு வேறென்ன ஞாபகம் வரும்? பூப்புனித நீராட்டு விழாவும், எத்தனை மணிக்குப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற கவலையும்தானே. கிரெக் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளைக்காரச் சகாக்கள் அவரைச் சட்டை செய்வதில்லை. "பேஸ்போலா? அது ரவுண்டர்ஸ்தானே, என் மகள் பள்ளிக்கூடத்தில் விளையாடுகிறாள்" என்று சொல்லிவிட்டு பிஸ்கெட்டோடு போய்விடுவார்கள். கிரெக்கின் காது சிவக்கும். மிஞ்சியது நான்தான். கடல் தாண்டி வந்த ஒரு மனிதன் தன் விளையாட்டைச் சொல்லி முடிக்க ஒரு காது தேடுவது எனக்கு நன்றாக விளங்கும். அப்படிக் காது கொடுத்ததில்தான், ஒருநாள், எனக்கு ஒரு வில்லங்கமான சொல் கிடைத்தது. ஊக்கமருந்து ஏற்றிக்கொண்டு அடித்தான் என்று எல்லோரும் சந்தேகப்பட்ட ஓர் ஆட்டக்காரனைப் பற்றி அவர் சொன்னார்: "அவனை உள்ளே விடட்டும். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு அஸ்டெரிஸ்க் போடவேண்டும்." அஸ்டெரிஸ்க் என்றால் அச்சில் வருகிற அந்தச் சின்ன நட்சத்திரக் குறி. அதைச் சொல்லும்போது எலுமிச்சம்பழத்தைக் கடித்தவர் மாதிரி அவர் முகம் சுருங்கியது. பிடிக்காத ஆளையும் மெச்சவேண்டி வந்துவிட்டதே என்ற சுருக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என்னைக் குற்றம் சொல்லக்கூடாது. ஊரில் எங்கள் கல்லூரிக் கிரிக்கெட் அணிக்கு நான் ஸ்கோரராக இருந்தவன். பட் பிடிக்கவும் வராது, பந்து போடவும் வராது. கையெழுத்து மட்டும் வடிவாக இருந்தது. கிரிக்கெட் ஸ்கோர் எழுதுகிறவனுக்கு நட்சத்திரத்துக்கு ஒரே பொருள்தான். ஓட்டத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டால் அந்த ஆள் ஆட்டமிழக்கவில்லை. நொட் அவுட். கடைசிவரை நின்றவன். என் கையால் அதிக நட்சத்திரம் வாங்கியவர் யோகநாதன். என்னைவிட இரண்டு வகுப்பு மூத்தவர், எங்களுக்கு யோகன் அண்ணை.

அவர் ஆடியது யுத்தகாலம். வெளியூர் அணிகள் வரமுடியாது. பக்கத்துப் பள்ளிக்கூடங்களோடுதான் ஆட்டம். இருந்தது ஒரு சோடி ஸ்டம்ப். பந்து பிய்ந்தால் செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோய்த் தைப்போம். தைத்த பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. ஆட்டத்தின் நடுவில் குண்டுவீச்சு விமானம் இரையும். கணக்கு வாத்தியார்தான் நடுவர். அவர் முதலில் ஸ்டம்பின் மேலிருக்கும் பெய்ல்ஸ் இரண்டையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் பங்கருக்கு ஓடுவார். பெய்ல்ஸ் பைக்குள் போனால் ஆட்டம் நின்றது என்று அர்த்தம். சிலநாள் திரும்பத் தொடங்கும், பலநாள் தொடங்காது. இங்கிலாந்துக்காரன் 'மழையால் நின்றது' என்று எழுதும் இடத்தில் நான் 'பிளேன்' என்று எழுதுவேன். அந்த நேரம் யார் களத்தில் நின்றாரோ அவர் பெயருக்கு ஒரு நட்சத்திரம். பெரும்பாலும் அது யோகன் அண்ணையாக இருக்கும். ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால்தான் வகுப்பார்கள் என்பதால், நொட் அவுட் கூடக் கூடச் சராசரியும் ஏறும். அதுதான் கிரிக்கெட்டின் கணக்கு. கல்லூரியில் அதற்கு முன் எவருக்கும் இல்லாத சராசரி அவருக்கு வந்தது.

இனி லண்டனுக்கு, நோர்பரிக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுக் கோடையில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளை, தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு மண்டபத்தில், ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் கூடியது. கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பித்தளைத் தகட்டில் வெட்டி, ஒரு மரப்பலகையில் திருகாணியால் பூட்டுவது என்று முடிவாகியிருந்தது. யார் யாருடைய பெயர் என்பதுதான் சண்டை. சண்டை என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், இங்கே எல்லோரும் ஒற்றுமையாக ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துவிடக்கூடாது. ரோல்ஸ் சாப்பிட்டோம். ஒற்றுமை இல்லை.

தலைவர் நாற்காலியில் இருந்தவரை எல்லோரும் கப்டன் அண்ணை என்போம். யுத்தத்துக்கு வெகுமுன்னரே அணித்தலைவராக இருந்து, மாணவராக லண்டன் வந்து, பொறியியலாளராக ஓய்வுபெற்று, சட்டன் பகுதியில் பெரிய வீட்டில் இருக்கிறவர். "நாங்கள் விளையாடினது கிரிக்கெட். எங்களுக்குப் பிறகு நடந்தது பந்தடி" என்பது அவருடைய வாய்ப்பாடு. ஆட்களின் வாய்ப்பாடுகளைச் சேர்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. இதை மட்டும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

யோகன் அண்ணை பின்வரிசையில் இருந்தார். அகதியாக வந்தவர், பெற்றோல் நிலையத்தில் வேலை, சீருடைக்கு மேல் ஜக்கெற் போட்டு வந்திருந்தார். அவருடைய பெயர் வந்ததும் கப்டன் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"பொம்பர் வந்து நிப்பாட்டின மட்ச் எல்லாம் நொட் அவுட். அப்ப அந்த அவரேஜை ஆர் கூட்டினது? விமானப்படைதானே?"

முன்வரிசை சிரித்தது.

"அண்ணை," என்றார் யோகன், "பிளேன் வந்தது என்ரை பிழையோ? நான் ரிக்கெற் எடுத்துக் கூப்பிட்டனானோ?"

"கோவிக்காதையும். அது லெதர் பந்தோ, தேங்காயோ எண்டும் ஒருதருக்கும் தெரியாது."

"தேங்காயெண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. அது காதடியாலை போகேக்கை உங்கடை செற்றிலை ஒராள் கிறீசிலை நிண்டிருப்பாரோ? உங்களுக்குக் காலுக்குப் பாட், கைக்குக் கையுறை, தேத்தண்ணிக்கு இடைவேளை. எங்களுக்கு இடைவேளை விட்டது வேறை ஆக்கள்."

"எதிராடினவன் ஆர்? பக்கத்துப் பள்ளிக்கூடம். எங்கடை காலத்திலை கொழும்பிலையிருந்து வருவாங்கள்."

"கொழும்பிலையிருந்து எங்களிட்டையும் வந்தவங்கள்தான் அண்ணை. மேலாலை."

இப்போது பின்வரிசை சிரித்தது. ஆனால் யோகன் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். "கல்லூரிச் சுவரிலை இருக்கிற பலகையிலை எங்கடை வருஷங்கள் வெறுமையாக் கிடக்கு. அந்த நேரம் பெயின்ற் இல்லை, எழுத ஆளில்லை. இஞ்சையும் இல்லையெண்டால், நாங்கள் விளையாடவே இல்லையெண்டுதான் அர்த்தம். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம், பேர் மட்டும்."

யாரோ கதிரையைக் காலால் தள்ளினார்கள். "அப்ப வெளியிலை நிண்டு கதைப்பம் வாரும்" என்று ஒரு குரல். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆங்கிலேய மாது கதவைத் திறந்து, எல்லாம் சரியா என்று கேட்டார். "ஆண்டுக்கூட்டம்" என்றேன். "ஓ, எங்கள் தேவாலயத்திலும் அப்படித்தான்" என்று கதவைச் சாத்தினார்.

அந்த இடத்தில்தான் நான் கையை உயர்த்தினேன். ஸ்கோர் புத்தகம் என் மடியில் இருந்தது. சூட்கேஸின் அடியில் விரிக்க வேறு தாள் கிடைக்காததால் லண்டன் வந்து சேர்ந்த புத்தகம் அது. "பெயரைப் போடுவம். பக்கத்திலை ஒரு நட்சத்திரம் போடுவம். அமெரிக்காவிலையும் அப்பிடித்தான் செய்யினம்" என்றேன். என் மனதில் இருந்தது நொட் அவுட். எத்தனை பேர் அவுட் ஆக்கப் பார்த்தும் ஆகாத மனிதன் என்று பித்தளையில் எழுதிவைக்க நினைத்தேன்.

கப்டன் அண்ணை என்னை உற்றுப் பார்த்தார். அவருடைய மகன் அமெரிக்காவில், பொஸ்ரனில் இருக்கிறான். வருடம் ஒருமுறை அங்கே போய் மூன்று மாதம் நிற்கிறவர். மெல்லச் சிரித்தார். "நல்ல யோசனை தம்பி. நட்சத்திரம் போடுவம்." இரண்டே நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. யோகன் அண்ணை என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்த நடையைப் பார்த்தவர்கள், எனக்குத்தான் தகடு கிடைத்தது என்று நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை கிரெக்கிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "உன் நண்பனுக்கா? நண்பன் என்றுதானே சொன்னாய்?" பிறகு பொறுமையாக விளக்கினார். தங்கள் நாட்டில் அஸ்டெரிஸ்க் என்றால், இந்தச் சாதனையை நம்பாதே என்று பொருளாம். பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் காறித் துப்புவது மாதிரியாம். கேத்தில் கொதித்து நின்றது. நான் தேநீர் குடிக்கவில்லை.

கப்டன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். "அண்ணை, அந்த நட்சத்திரத்தின்ரை கருத்து உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"தெரியும். சொன்னது நீர்தானே?"

"அதை எடுத்துவிடச் சொல்லுங்கோ."

"இனி ஏலாது. தகடு வெட்டக் குடுத்தாச்சு. கீழை விளக்கமும் எழுதிக் குடுத்தாச்சு, 'யுத்தகால ஆட்டங்கள்' எண்டு. அதிலை பொய் இருக்கோ?"

இல்லை. பொய் இல்லாமல் ஒரு மனிதனைக் கீழே இறக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்; அதற்குச் சொல் எடுத்துக் கொடுத்தவன் நான். பெற்றோல் நிலையத்துக்குப் போய் யோகன் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எனக்கு முகம் தராமல், ஒவ்வொருவருக்கும் மிச்சக்காசு கொடுத்து முடித்துவிட்டுக் கேட்டார். "நீ ஸ்கோரர். உனக்கு அது நொட் அவுட். அவருக்கு அது வேறை. பலகையைப் பாக்கிற பிள்ளையளுக்கு எது?"

எனக்குப் பின்னால் ஒருவர் பணத்தோடு வந்து நின்றார்.

"போ," என்றார். "அடுத்த ஆள் நிக்குது."

பலகை திறக்கும் நாளில் அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். கப்டன் அண்ணை திரையை இழுத்தார், எல்லோரும் கைதட்டினார்கள். பித்தளைத் தகடுகள் வரிசையாக மின்னின. ஆங்கில எழுத்தில் முதலில் யோகநாதன், பிறகு தகப்பன் பெயரின் முதலெழுத்து, கடைசியில் அந்த நட்சத்திரம். யோகன் அண்ணை மேடையில் ஏறினார். வாழ்த்துச் சொல்லப் போகிறார் என்று சபை அமைதியானது. ஜக்கெற்றுக்குள்ளிருந்து சின்னத் திருப்புளி ஒன்றை எடுத்து, அவசரமில்லாமல் முதல் ஆணியைக் கழற்றத் தொடங்கினார்.

"யோகன், என்ன வேலை இது? அது சங்கத்தின்ரை சொத்து!"

"பலகை சங்கத்தின்ரை. பேர் என்ரை அப்பா வைச்சது."

இரண்டாவது ஆணி இறுகியிருந்தது. அவர் அரை நிமிடம் அதோடு மல்லுக்கட்டினார். பிறகு ஆணிகளைத் தலைவரின் மேசையில் எண்ணி வைத்துவிட்டு இறங்கி நடந்தார். பலகையில் அந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. பின்னால் ஓடியவன் நான் ஒருவன்தான்.

பஸ் நிறுத்தத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்னை வரச்சொல்லவுமில்லை, போகச்சொல்லவுமில்லை. ஒரு சாண் நீளத் தகட்டைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டிலை மாட்டுங்கோ அண்ணை."

"வாடகை வீடு. சுவரிலை ஆணி அடிக்கக்கூடாதெண்டு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாங்கள்."

"அப்ப ஊர் வீட்டிலை?"

"அது ஆமியின்ரை உயர்பாதுகாப்பு வலயத்துக்குள்ளை. சுவர் நிக்குதோ எண்டே தெரியாது." நட்சத்திரப் பக்கம் கீழே போகும்படி தகட்டைச் சட்டைப் பைக்குள் செருகினார். பை சிறியது. பெயரின் முதல் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

நிறுத்தத்து வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான ஆங்கிலேயப் பெண்மணி தலையைச் சரித்து அதை வாசித்தார். அவருக்கு முகம் மலர்ந்தது. "யோகா! நீங்கள் யோகா கற்றுக்கொடுக்கிறீர்களா?"

யோகன் அண்ணை குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகச் சொன்னார். "இல்லை மேடம். இது பாதிதான்."

"அரை மணித்தியாலமா?" என்றார் அவர் சந்தோஷமாக. "என் முழங்காலுக்கு அதுவே போதும்."

நூற்று ஒன்பதாம் இலக்க பஸ் வந்து நின்றது. பெண்மணியை முதலில் ஏறவிட்டு, பின்னால் யோகன் அண்ணை ஏறினார். ஒரு கையால் பயண அட்டையை இயந்திரத்தில் வைத்தார். பஸ் குலுங்கிக் கிளம்பியபோது பிடிக்கக் கம்பி இருந்தும் அவர் பிடிக்கவில்லை. மற்றக் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டிருந்தது.